பரணில் இருக்கும் ஊர்

பொருள் இல்லாமையால் வரும் துன்பத்தை எல்லோரும் பேசுகின்றோம். பொருள்கள் அளவுக்கு மேல் குவிவதாலும் துன்பம் உண்டு என்பதை மும்பையின் சிறிய வீடுகளில் வாழும் நாம் நாள்தோறும் உணர்கின்றோம்.

நம்மவர் வீடுகள் பலவற்றில் இரண்டு குடும்பங்கள் குடியிருக்கின்றன. ஒன்று, இங்கே உண்டு உறங்கும் குடும்பம். மற்றொன்று, என்றேனும் ஊர் திரும்பும் என்று நாம் எண்ணியிருக்கும் குடும்பம். பரணில் கவிழ்ந்து கிடக்கும் பித்தளை அண்டாவும், கட்டிலின் கீழுள்ள தகரப்பெட்டியும், குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையும் இரண்டாம் குடும்பத்தின் உடைமைகள். அக்குடும்பம் வாடகை தருவதில்லை. இடத்தை மட்டும் அடைத்துக்கொள்கின்றது.

என் மனைவிக்குச் சில மாதங்களாக உறக்கம் குறைந்திருந்தது. பணியிலிருந்து திரும்பிக் கூடத்தைப் பார்த்ததும் பெருமூச்சு விடுவாள். மருத்துவர் உடலில் குறையொன்றும் இல்லை என்றார். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், கணவனும் மனைவியும் பணிபுரியும் 30 குடும்பங்களை ஆராய்ந்தோர் 2010ஆம் ஆண்டில் தம் முடிவை வெளியிட்டனர். தம் வீட்டைப் பொருள்கள் இறைந்து கிடப்பதாகவும் வேலை முடியாததாகவும் விவரித்த பெண்களிடம், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்ட்டிசால் என்னும் சுரப்புநீர், மாலையில் இயல்பாகக் குறைவதுபோல் குறையவில்லை. குவியல்தான் காரணம் என்று இதனால் உறுதியாகிவிடாது. எனினும், அவள் பெருமூச்சின் பொருள் எனக்கு விளங்கிற்று.

மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டை ஒழித்தோம். பழைய தாள்கள் எடைக்குப் போயின. உடுத்தாத துணிகளைக் கொடுத்து, தெருவில் வரும் பாத்திரக்காரியிடம் ஓர் எவர்சில்வர் தூக்கு வாங்கினோம். நாள் கடந்த மருந்துகளைத் தனியே பிரித்தோம். அண்டாவைத் தொட்டபோதுதான் தடை எழுந்தது. “ஊருக்குப் போனால் வேண்டாமா?” என்றார் என் தாயார். எவரும் விடை சொல்லவில்லை. ஊரிலிருந்த வீடு 2012ஆம் ஆண்டிலேயே விற்கப்பட்டுவிட்டது. அதன் திறவுகோல் மட்டும் தகரப்பெட்டியில் இருந்தது.

அன்றிரவு அவர் நெடுநேரம் அப்பெட்டியின் அருகே அமர்ந்திருந்தார். காலையில், “அண்டாவைக் கோவில் மடைப்பள்ளிக்குக் கொடுத்துவிடு, அப்பா. நாலு பேர் சோறு அதில் வேகட்டும்” என்றார். தம் கற்சட்டியை மட்டும் தமக்கென வைத்துக்கொண்டார். இப்போது வாரந்தோறும் அதில் வற்றல் குழம்பு கொதிக்கின்றது. திறவுகோலைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை; அவரும் சொல்லவில்லை.

கழிப்பது நமக்குப் புதிதன்று. போகி நமது பண்டிகையே. ஆயின் பிளாஸ்டிக்கையும் ரப்பரையும் எரித்து நச்சுப்புகை எழுப்ப வேண்டா. பயன்படும் பொருளைப் பயன்படுத்துவோர் கையில் சேர்ப்போம். வீட்டை ஒழித்த பின்னும் கலக்கம் நீங்காதிருப்பின், தயங்காது மருத்துவரை நாடுவோம்.

கட்டிலின் கீழ் இப்பொழுது வெற்றிடம். மாலையில் அங்கே காற்று உலவுகின்றது. என் மனைவி உறங்குகின்றாள். ஊரை நாம் மறந்துவிடவில்லை. வாழும் வீட்டையும் நம் வீடென்று ஏற்றுக்கொண்டோம், அவ்வளவே.