பனங்கையும் பங்காளிகளும்

சாளை என்றால் என்னவென்று சென்னை வாசகர்களுக்கு முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கொங்குப் பக்கம் ஊருக்குள் இருப்பது வீடு. தோட்டத்துக்குள், கிணற்றுக்கும் கட்டுத்தரைக்கும் பக்கத்தில் ஒற்றையாக நிற்பது சாளை. மரக்கால், பனங்கை, மேலே ஓலை. அவ்வளவுதான். இதையே ரிசார்ட்டில் 'காட்டேஜ்' என்று சொல்லி ஒரு ராத்திரிக்கு ஐயாயிரம் வாங்குகிறார்கள். சரி, அது அவர்கள் பிழைப்பு!

கிணத்துக்கடவுக்குப் பக்கத்தில் எங்களுக்கு மிச்சமிருப்பது ஒன்றரை ஏக்கர். 2022 சித்திரையில் ஒருநாள் அப்பா, "டவுனுக்குள்ள மூச்சு முட்டுது கண்ணு. தோட்டத்துல ஒரு சாளை போட்டுக் குடு, போதும்" என்றார். 78 வயதில் மனுஷன் கேட்ட ஒரே விஷயம். ஆடிக்குள் முடித்தாக வேண்டும். பாலக்காட்டுக் கணவாய் இருக்கிறதே... மேற்குத் தொடர்ச்சி மலையில் அந்த ஓர் இடத்தில் 30 கிலோமீட்டருக்கு மேல் மலை விட்டுக் கிடக்கிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தச் சந்து வழியாகத்தான் எங்கள் மேல் பாயும். அரைகுறைக் கூரையெல்லாம் அதற்கு ஒரு வாய்க்குக் காணாது.

மரத்துக்கு எங்கே போக? பனை நம் மாநில மரம். கலெக்டர் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்துவிட்டார்கள். (நல்ல காரியம். செங்கல் சூளைக்குப் போன பனைகள் கொஞ்சமா நஞ்சமா?) அந்த நேரம் பார்த்து அத்தை வீட்டில் பழைய ஓட்டு வீட்டைப் பிரித்தார்கள். "பனங்கையெல்லாம் சும்மாதான் கெடக்குது, எடுத்துட்டுப் போங்க மாப்ளே" என்றார் மாமா. 60 வருஷத்துப் பனங்கை! பனையின் நடுவில் சோறு மாதிரி மெத்தென்று இருப்பதை வாச்சியால் செதுக்கி எறிந்துவிட்டு, ஓரத்துக் கருத்த வைரத்தை மட்டும் எடுத்துச் செய்தது. கரையான் பல் பட்டிருக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஆள் சேர்ந்தது. பெரியப்பா மகன்கள், மச்சினன், என்னோடு பி.காம். படித்த இரண்டு நண்பர்கள். அதில் ஒருவன் ஆடிட்டர். கடப்பாரையை அன்றுதான் வாழ்க்கையில் முதல்முறையாகத் தொட்டான். மேஸ்திரி யார் என்கிறீர்களா? பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர். ஆணி டப்பாவை நீட்டினேன். "ஆணி அடிச்சா பனை வெடிக்குமுங்க. கயித்துல கட்டுனா காத்துக்கு ஆடும், ஆனா உழுகாது" என்றார். வாசலைக் கிழக்கே வைத்தார். மேற்குப் பக்கக் கூரையை இடுப்பு உயரத்துக்கு இறக்கினார். காற்று மோதாமல் ஏறிப் போய்விடுமாம்.

என் மனைவிக்கு ஓலை என்றாலே பயம். 2004 ஜூலை 16-ம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துக் கூரையில் பிடித்த தீ, 94 குழந்தைகளைக் கொண்டுபோனதை யாரால் மறக்க முடியும்? அடுப்பைத் தள்ளித் தகரக் கொட்டகையில் வைத்த பிறகுதான் சம்மதித்தாள்.

நீங்கள் குத்தூசி பார்த்திருக்கிறீர்களா? கூரை மேய்கிற ஊசி. முழங்கை நீளத்துக்கு மேல் இருக்கும். மேலே இருப்பவர் கயிறு கோத்து ஓலைக்குள் குத்தி இறக்குவார். உள்ளே இருப்பவர் கயிற்றை வாங்கிப் பனங்கையைச் சுற்றி, மறுபடி ஊசியில் கோத்து மேலே அனுப்புவார். ஒருவருக்கொருவர் முகம் தெரியாது. எவ்வளவு கெட்டிக்காரனாலும் ஒற்றை ஆளாகச் செய்ய முடியாத வேலை. மேலே பெரியவர், உள்ளே அப்பா. ஓலைக்கு நடுவே இரண்டு பேரும் 1960-களின் பஞ்சாயத்தையெல்லாம் பேசித் தீர்த்தார்கள். "இறக்கீட்டனுங்க", "வாங்கீட்டேன்" என்பது மட்டும் இடையிடையே கேட்டது.

எல்லாம் முடிந்ததும் கணக்குப் போட்டேன். ஓலை, கயிறு, டெம்போ வாடகை, சாப்பாடு... 41 ஆயிரம். ஆள் கூலி, பூஜ்யம். பெரியவரிடம் ஒரு கவரை நீட்டினேன். "இதெதுக்குங்க? எம் பேரன் ஊடு கட்டறப்ப வந்து ஒரு கை புடிச்சீங்கன்னாப் போதும்" என்று நகர்ந்துவிட்டார். கடன் பக்கத்தில் இதை எந்தத் தலைப்பில் எழுதுவது? காலேஜில் சொல்லித்தரவில்லை.

2025 தையில் பேரன் வீட்டுக்குக் கான்கிரீட். பழைய வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை ஆறு மணிக்கே போய் நின்றேன். ரெடிமிக்ஸ் லாரி வந்தது. பம்ப் வந்தது. பீகாரிலிருந்து வந்த ஐந்து பையன்கள் ஹெல்மெட் மாட்டிக்கொண்டு பதினோரு மணிக்குள் முடித்துவிட்டார்கள். என் கைக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. பெரியவருக்கும்தான். தோளில் துண்டோடு என் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தார்.

கிளம்பும்போது கூப்பிட்டார். "பத்துப் பதினஞ்சு நாளு தண்ணி கட்டோணும். ஞாயித்துக்கெழமை உங்க மொறைங்க."

போனேன். மொட்டை மாடியில் தண்ணீர்க் குழாயோடு நின்று பார்த்தால் எங்கள் சாளையின் மோடு தெரிந்தது. மேற்குப் பக்கம் ஓலை வெளுத்து, இற்றுப் போயிருந்தது. "வைகாசிக்குள்ள மறுபடி மேயணுமுங்களே" என்றேன்.

"மேஞ்சுரலாம். உங்கப்பாவுக்குத்தான் இப்பக் கண்ணு செரியாத் தெரியறதில்ல. இந்தத் தடவ உள்ளார நீங்க உக்காருங்க."