தொப்பியில மூணு பல்பு

செமஸ்டர் லீவுல உசிலம்பட்டி வீட்டுல இருக்கேன். படிப்பைப் பத்தி ஏதாவது எழுதியிருப்பேன்னு நம்பி வந்தவங்க மன்னிக்கவும். இது விமானச் சண்டைப் பதிவு :-)

வார் தண்டர்னு ஒரு ஆன்லைன் விளையாட்டு. அதுல சிமுலேட்டர் முறையில காக்பிட்டுக்குள்ள இருந்துதான் பார்க்க முடியும். எதிரி தலைக்கு மேல பேரெல்லாம் மிதக்காது. நானும் என் கிளாஸ்மேட் ஒருத்தனும் எதிரெதிர் அணி. பத்து தடவை மோதினா ஒம்பது தடவை பின்னாடி வந்து சுட்டுட்டுப் போயிருவான்.

"எப்படிடா மாப்ள பார்க்குற?"ன்னு கேட்டேன். ட்ராக்ஐஆர் வாங்கியிருக்கானாம். நாம தலையைத் திருப்புனா விளையாட்டுலயும் தலை திரும்பும். எனக்குச் சுருக்குன்னுச்சு. "காசு இருக்கவன் ஜெயிக்கிற விளையாட்டா இது? இது சீட்டிங்டா"ன்னு சொல்லிட்டேன். ரெண்டு வாரம் அவன் பேசவே இல்ல.

கோவத்துல நானே ஒண்ணு செஞ்சேன். மூணு இன்ஃப்ராரெட் எல்.ஈ.டி., ஒரு ரெசிஸ்டர், பழைய யு.எஸ்.பி. ஒயர், அப்பாவோட தொப்பி. பழைய வெப்கேம் லென்ஸுக்குள்ள இன்ஃப்ராரெட்டைத் தடுக்க ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். அதைக் கழட்டிட்டு, ஸ்டுடியோவுல வாங்குன கருப்பு நெகட்டிவ் துண்டை வச்சேன். இப்ப கேமராவுக்கு அந்த மூணு புள்ளி மட்டும்தான் தெரியும். ஓபன்ட்ராக்னு ஒரு இலவச மென்பொருள், அந்தப் புள்ளிகளை வச்சே தலை திரும்புறது, நிமிர்றது, சாயுறது, நகர்றது எல்லாத்தையும் கணக்குப் போட்டுரும். தொப்பியைப் பார்த்துட்டு அம்மா, "மண்டைக்கு கரண்டு குடுக்குறியா?"ன்னாங்க :-)

மாட்டுனா தலை சுத்தல்! மூச்சு விட்டாக்கூட காக்பிட் ஆடுது. வேற வழியில்லாம அவனுக்கே போன் போட்டேன். ஒரு வார்த்தை குத்திக் காட்டல. தன்னோட செட்டிங்ஸ் ஃபைலை அனுப்பிட்டு, "இது என் கழுத்துக்குச் செஞ்சது, உனக்கு நீயே மாத்திக்கணும்"னான்.

விஷயம் அந்த வளைவுலதான். கண்ணு ஸ்கிரீனை விட்டுப் போகக்கூடாது. அதனால நாம 30 டிகிரி திருப்புனா விளையாட்டுல 150 டிகிரி திரும்புற மாதிரி வைக்கணும். நடுவுல கொஞ்சம் அசையாத பகுதி விடணும், அப்பத்தான் குறி ஆடாது. ஸ்மூத்திங்கைக் கூட்டினா ஆட்டம் குறையும், ஆனா பார்வை லேட்டா வரும். எனக்குச் சரியா அமைய நாலு நாள் ஆச்சு.

அப்புறம்தான் புரிஞ்சது. இது வேகத்தையோ குண்டையோ கூட்டாது. பார்க்க மட்டும்தான் விடும். முதல் உலகப்போர் பைலட்டுங்க பட்டு ஸ்கார்ஃப் கட்டுனதே, ஓயாமத் திரும்பிப் பார்த்துக் கழுத்து உராயாம இருக்கத்தான். நம்ம சூலூர்ல இருக்குற தேஜஸ் பைலட்டுங்களுக்கு, பார்க்குற பக்கமே குறிவைக்கிற ஹெல்மெட் இருக்கு.

ஆனா "விருப்பம் இருந்தா வாங்கிக்கோ"ங்கிறது, வாங்க முடிஞ்சவனுக்குத்தான் விருப்பம். அந்த ஆத்திரம் தப்பில்ல. அதை அவன் மேல காட்டுனதுதான் தப்பு. போன்லயே மன்னிப்புக் கேட்டுட்டேன்.

இப்ப பத்துக்கு நாலு நான் ஜெயிக்கிறேன். மிச்ச ஆறுக்குத் தொப்பியைக் குறை சொல்ல முடியாது மக்களே :-(