சைலன்சருக்குள் ஒரு வரலாறு

பெங்களூரு ஸ்ரீராம்புரத்தின் நெருக்கமான சந்து ஒன்றில், மெக்கானிக் கடை வாசலில் ஓர் இளைஞர் இரண்டு சைலன்சர்களைப் பார்த்தபடி நின்றார். அவருடைய யமஹா ஆர்.எக்ஸ். 100, மண்பாதைப் பந்தயத்துக்காக மாற்றியமைக்கப்பட்டது. “எதுல அண்ணா சத்தம் அதிகம்?” என்று கேட்டார்.

“சத்தத்த விடு தம்பி. வண்டி எந்த வேகத்துல இழுக்கணும், அதச் சொல்லு” என்றார் மெக்கானிக்.

டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் புகையோடு எரியாத கலவையும் சிறிது வெளியேறிவிடும். சைலன்சரின் பின்கூம்பில் மோதித் திரும்பும் அழுத்த அலை அதனை மீண்டும் சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அலை திரும்பும் கணத்தைக் குழாயின் நீளமும் கூம்பின் சரிவும் தீர்மானிக்கின்றன. குட்டையான குழாய் உச்ச வேகத்தில் திடீரெனச் சீறும். மண்ணில் பின்சக்கரம் வழுக்கும். நீண்டு, மெல்லச் சுருங்கும் குழாய் குறைந்த வேகத்திலேயே சீராக இழுக்கும். இளைஞர் நீண்டதையே எடுத்துக்கொண்டார்.

இவ்வறிவை 1950களில் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனத்தில் வளர்த்தெடுத்தவர் வால்டர் காடன். 1961இல் அந்நிறுவனத்தின் பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்குக்குத் தப்பியபோது, நுட்பமும் அவரோடு ஜப்பானின் சுசூகிக்குச் சென்றது. மறு ஆண்டே டெக்னர் சுசூகியில் 50 சிசி உலகப் பட்டம் வென்றார்.

பனிப்போரின் எல்லையைக் கடந்த அந்த அறிவு, இன்று தகரத்தை வெட்டிச் சுருட்டிப் பற்றவைக்கும் கைகளில் வாழ்கிறது. ஆர்.எக்ஸ். 100இன் உற்பத்தி 1996இல் நின்றுவிட்டது. எஞ்சிய வண்டிகளோடு இக்கைகளும் ஓய்ந்தபின், அதனை எந்த நூலகத்தில் தேடுவது?