ஐந்து சவரன் எடை

பொள்ளாச்சிப் பக்கம் மாடுகள் வளர்க்கும் என் நண்பர், கிணற்று டீசல் எஞ்சினைச் சாண எரிவாயுவிலேயே ஓட்டத் தீர்மானித்து, அதன் பிஸ்டனைக் கோயம்புத்தூரின் கணபதிப் பகுதியில் ஒரு லேத் பட்டறைக்கு எடுத்துச் சென்றபோது, அந்த வேலையைக் கண்ணால் காணும் ஆவலில் நானும் உடன் சென்றேன்.

டீசல், நெருக்குண்ட காற்றின் சூட்டிலேயே பற்றிக்கொள்வது. எரிவாயுவுக்கோ மின்பொறி வேண்டும். டீசலுக்காகப் பதினாறரை மடங்கு நெருக்கும் எஞ்சினில் வாயுவையும் அவ்வாறே நெருக்கினால், அது முறை தவறி வெடித்துப் பிஸ்டனைச் சிதைக்கக்கூடுமாதலால், அந்த விகிதத்தைப் பன்னிரண்டு அளவில் இறக்கிக்கொள்கிறார்கள். நண்பரின் எஞ்சினுக்குச் சிலிண்டர் விட்டம் 80 மில்லிமீட்டர், பிஸ்டன் ஓட்டம் 110 மில்லிமீட்டர். வாயு நெருங்கும் இடத்தைப் பெரிதாக்கி விகிதத்தை இறக்க, கணக்குப்படி பிஸ்டன் தலையில் 14.6 கன சென்டிமீட்டர் அலுமினியத்தைக் குடைந்தெடுக்க வேண்டும்.

பதினான்கு வயதில், தகப்பனார் வேலை பார்த்த மில் மூடப்பட்ட வருஷத்தில், பட்டறை கூட்ட வந்தவர் இன்று அறுபதை நெருங்கும் அங்குள்ள லேத் தொழிலாளி. பிஸ்டனை அவர் சக்கில் கடிக்க விடவில்லை. பார்வைக்கு வட்டமாகத் தோன்றினாலும் பிஸ்டனின் பக்கச்சுவர் சற்றே நீள்வட்டமாய்க் கடையப்பட்டது. சக்கின் பற்கள் இறுக்கினால் அந்த மெல்லிய சுவர் கோணிப்போகும். ஆகவே பழைய வார்ப்பிரும்பில் தம் கையாலேயே கடைந்து, முப்பது வருஷங்களாகத் துணிசுற்றிக் காத்துவரும் ஒரு தாங்கியின்மேல் பிஸ்டனின் வாயைப் பொருத்தி, பிஸ்டன் பின்னில் கோத்த கம்பியால் பின்புறமாக இழுத்து நிறுத்தினார்.

“வெட்டினதைத் திரும்ப ஒட்ட முடியாதுங்க. கொஞ்சம் மீதி வெச்சு நிறுத்தி, அளந்து பாத்துட்டுத்தான் மறுபடி தொடோணும்” என்றார்.

துளையிட்ட அக்ரிலிக் தகட்டைக் கிரீஸ் தடவிக் குழியின்மேல் ஒட்டி, ஊசிக்குழலால் மண்ணெண்ணெய் நிரப்பி, எத்தனை மில்லி கொண்டது என்று பார்ப்பதும், தலையின் கனம் குறைந்துவிடவில்லையே என்று சோதிப்பதுமாக அரை நாள் கழிந்தது. மின்பொறிக்கான பிளக் பொருத்தும் வேலை மறுநாள் வேறிடத்தில் நடந்தது. சிதறிய சுருள்களைக் கூட்டித் தராசில் இட்டபோது நாற்பது கிராமுக்குச் சற்றுக் குறைவாக நின்றது. ஏறத்தாழ ஐந்து சவரன் எடை.

நண்பரைப்போல் நேரில் வருவோர் அபூர்வமாம். தரகர்களே பிஸ்டன்களைக் கொண்டுவந்து, கூலியில் பேரம் பேசி, அதையும் மாதக்கணக்கில் இழுத்தடித்து, குடியானவனிடம் மட்டும் முழு விலையையும் முன்பணமாக வாங்கிக்கொள்கிறார்கள் என்று அவர் சொல்லக் கேட்டபோது என் மனம் கொதித்தது. வாங்குபவனுக்குச் செய்தவன் முகம் தெரியாதிருப்பதே இவர்களுடைய மூலதனம். உலோகத்திலிருந்து எடுப்பதற்கே இத்தனை நிதானம் வேண்டியிருக்க, ஒரு மனிதனின் உழைப்பிலிருந்து எடுப்பதற்கு எந்த அளவுமே வேண்டாமென்று நாம் ஏற்றுக்கொண்டிருப்பது பெரும் அநியாயம். பட்டறைப் படியேறி நேரே கூலி கொடுக்கும் சிறு சிரமத்தை நாம் ஏற்றாலே இதில் பாதி தீரும்.

நாங்கள் புறப்படுகையில் அவர் தாங்கிக்கு எண்ணெய் தடவி, பழைய துணியில் சுற்றிக்கொண்டிருந்தார்.