பாக்கிக்கு வாரிசு யார்?

வீடு போயிற்று, வாசற்படி போயிற்று, பாக்கி மட்டும் போகவில்லை! பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லில், சொந்த வீட்டின் பூட்டுக்கே சாவியற்று நிற்கும் குடும்பங்களின் புலம்பல் இது. "சொத்தைத்தான் எடுத்துக்கொண்டார்களே, இன்னும் என்ன?" என்று கேட்கிறார்கள்.

சட்டம் வேறு கணக்குப் போடுகிறது. அடமானம் கடனுக்குப் பிணையே தவிர, கடனுக்கு விலை அன்று. ஒன்பது இலட்சம் கடனுக்கு வீடு ஆறு இலட்சத்துக்கு ஏலம் போனால், மூன்று இலட்சம் மிஞ்சும். அந்த மிச்சத்தைக் கேட்டுக் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தையோ நீதிமன்றத்தையோ நாடும் உரிமையை, 2002 ஆம் ஆண்டின் 'சர்பாசி' சட்டத்தின் 13(10) ஆம் பிரிவு வங்கிக்கு அளிக்கிறது. ஆனால் அந்த உரிமைக்கும் எல்லை உண்டு. 1908 ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60 ஆம் பிரிவு, உடுதுணியையும் சமையல் பாத்திரத்தையும் தொழிலாளியின் கருவியையும் பிழைப்புக்கு வேண்டிய உழவு மாட்டையும் ஜப்தி செய்ய விடுவதில்லை.

சட்டம் விட்டதைச் சாத்திரம் விடவில்லை! தந்தையின் கடனைத் தீர்ப்பது மகனின் புனிதக் கடமை, தீர்க்காவிட்டால் தந்தைக்கு நற்கதி இல்லை என்றது அது. வெள்ளையர் கால நீதிமன்றங்களும் அதை ஏற்றன. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்குள்ள பங்கும் அதற்குப் பலியாயிற்று. நரக பயம் நீதிமன்றக் கட்டளையாகிய விந்தை இது!

அந்த விந்தைக்கு 2005 செப்டம்பர் 9 அன்று முடிவு வந்தது. அன்று நடைமுறைக்கு வந்த இந்து வாரிசுரிமைத் திருத்தச் சட்டத்தின்படி, அதற்குப்பின் தந்தை பட்ட கடனுக்காக, புனிதக் கடமை என்ற ஒரே காரணத்தைக் காட்டி மகனையோ பேரனையோ நெருக்க முடியாது. தந்தை விட்டுச்சென்ற சொத்து எவ்வளவோ, பொறுப்பும் அவ்வளவே. மகனே பிணைக் கையெழுத்திட்டிருந்தால் அது வேறு.

ஏட்டில் வந்த விடுதலை வீட்டுக்குள் வந்ததா? சிறுமலை அடிவாரத்தில் நாம் அறிந்த இளைஞர் ஒருவர். வீடு ஏலம்போன துயரிலேயே தந்தை மாண்டார். விட்டுச்சென்ற சொத்து ஏதுமில்லை. மிஞ்சிய பாக்கியைத் தம் பெயருக்கு மாற்றிப் புதுப் பத்திரத்தில் கையெழுத்திட இளைஞர் புறப்பட்டார். "அப்பாவின் ஆத்மா அலையக் கூடாதே" என்றார். நாம் வழக்கறிஞரிடம் அழைத்துச் சென்றோம். சட்டத்தைக் கேட்டறிந்தார், கையெழுத்திடவில்லை. அந்த மாதக் கூலி தங்கையின் கல்லூரிக் கட்டணமாயிற்று.

கடனை ஏமாற்றச் சொல்கிறோமா? இல்லை. வாங்கியவர் திருப்பித் தருவது நாணயம். வாங்காதவனை மறுமையைக் காட்டி மிரட்டிக் கறப்பது நாணயம் ஆகுமா? தோழர்களே, பத்திரம் நீட்டப்படும்போது தலையெழுத்தை நோகாதீர்கள், கையெழுத்தைக் காத்துக்கொள்ளுங்கள்!