ப்ளூடூத்தா, வைஃபையா?

அப்பாவோட பழைய ஸ்டீரியோ புனே வரைக்கும் கூடவே வந்துடுச்சு. ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் ரெண்டும் இன்னும் கணீர்னு இருக்கு. கேசட் டெக்தான் மண்டையைப் போட்டுடுச்சு. அது இருந்த இடத்துல வைக்க, இணையத்துலேர்ந்து பாட்டு எடுக்கிற ரிசீவர் ஒண்ணு தேடினேன்.

ப்ளூடூத் பொட்டி விலை கம்மி; ஆனா பாட்டு போன் வழியாத்தான் வரும். வைஃபை பொட்டி தானே நேரா இணையத்துலேர்ந்து எடுத்துக்கும். சிடியில நொடிக்கு 1411 கிலோபிட், ப்ளூடூத்ல எல்டிஏசியே அதிகபட்சம் 990தான்னு தங்கமணிகிட்ட கணக்கு சொன்னேன்.

"நீங்க ஆபீஸ் போனப்புறம் அத்தைக்கு யாரு பாட்டு போடறது?"

அதானே! அம்மாவுக்கு இந்தியும் தெரியாது, மராத்தியும் தெரியாது. பகல்ல துணையே பாட்டுதான். ப்ளூடூத்னா என் போன் கிளம்பினதும் பாட்டும் கிளம்பிடும்.

வைஃபையிலயும் ஒண்ணு கவனிங்க மக்கா. ஏர்ப்ளேல அனுப்பினா பெரும்பாலும் பாட்டு போன்லேர்ந்துதான் போகும். ஸ்பாட்டிஃபை கனெக்ட், கூகுள் காஸ்ட்னா ஆரம்பிச்சு விட்டுட்டு நாம கிளம்பிடலாம். பிரீசெட் பட்டன் இருந்தா இன்னும் நல்லது, போனே வேணாம். ஒயரை ஆம்ப்ளிஃபயர்ல ஆக்ஸ், இல்லன்னா டேப் இன்ல செருகுங்க. ஃபோனோன்னு எழுதினது இசைத்தட்டுக்கானது. அதுல செருகினா கரகரன்னு சிதறும்.

எங்க வீட்டுல பட்டன் 1 எம்.எஸ்., 2 டி.எம்.எஸ். மத்ததை அம்மா பாத்துக்கறாங்க.