சயாமுக்குப் போனவர்கள் – 4: இம்பாலில் படாத குண்டு

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் ஆற்றோரம், ஒரு புத்த விகாரையின் வளாகத்துக்குள் இருக்கிறது ஜீத் அருங்காட்சியகம். போர்க்கைதிகள் தங்கிய மூங்கில் கொட்டகையின் மாதிரியில் கட்டி, 1977இல் திறந்தார்கள். உள்ளே ஒரே புழுக்கம். துருப்பிடித்த சாமான்கள், மங்கிப்போன புகைப்படங்கள், கைதிகள் ஒளித்து வரைந்த ஓவியங்களின் படிகள். அவற்றில் ஒன்றைத் தாண்டிப் போக என்னால் முடியவில்லை.

ஒருவனை இரண்டு பேர் அமுக்கிப் பிடித்திருக்கிறார்கள். மூன்றாமவன் கையில் விளிம்பைத் தீட்டிக் கூராக்கிய கரண்டி. படுத்திருப்பவன் காலில் அழுகிய சதையை அதனால் வழிக்கிறான். மூங்கில் கீறின சின்னக் காயம்தான். அரை வயிற்றுச் சோற்றில் வற்றிப்போன உடம்பில் அது ஆறாது. சில நாளில் உள்ளங்கை அகலத்துக்குப் பரவி எலும்பைத் தொட்டுவிடும். வழித்து எடுப்பது ஒன்றுதான் வைத்தியம். அதற்கும் அடங்காவிட்டால் காலையே எடுக்க வேண்டியதுதான்.

தாத்தாவின் இடது கால் அப்படித்தான் இருக்கும். முழங்காலுக்கு நாலு விரற்கடை கீழே தொடங்கிக் கணுக்கால் வரை சதை குழிந்து, தோல் மெழுகு பூசினதுபோல் மினுங்கும். ஒரு முடி முளைத்திருக்காது. "இம்பால்ல வெள்ளக்காரன் சுட்டது" என்பார். எங்கள் வீட்டுக் கூடத்தில் நேதாஜி படம் மாட்டியிருந்தது. ஜனவரி 23ஆம் தேதி அதற்கு மாலை போடுவது தாத்தாவின் பொறுப்பு. பள்ளிக்கூடத்தில் நான் நேதாஜியின் ஐ.என்.ஏ. படை வீரர் பேரன் என்று மார்தட்டிக்கொண்டு திரிந்தவன். குண்டு பட்ட இடம் இப்படியா இருக்கும் என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லையா, கேட்கப் பயமா என்பது வேறு கதை.

சென்ற பகுதியில், பாட்டியோடு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிய கிழவி ஒருத்தி சுங்கை சிப்புட்டில் சொன்னதை எழுதியிருந்தேன்: தாத்தா பாட்டிக்கு இரண்டாவது. பெரியப்பாவைப் பெற்றவர் வேறு ஆள்; பக்கத்து லயத்து வீட்டுக்காரர், தாத்தாவின் கூட்டாளி. இருவரும் ஒரே லாரியில் சயாமுக்குப் போனார்கள், ஜப்பான்காரன் பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை வேலைக்கு. தாத்தா மட்டும் 1946இல் திரும்பி வந்தார். படையில் இருந்தேன் என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

அந்தப் பொய் எடுபட்டதற்குக் காரணம் உண்டு. 1943 ஜூலையில் நேதாஜி சிங்கப்பூர் வந்து இறங்கியபின் தோட்டம் தோட்டமாக ஆள் சேர்ந்தது. சயாமுக்குப் பிடித்துப் போவதைவிட இது மேல் என்று படையில் சேர்ந்தவர்களும் இருந்தார்கள். திரும்பி வந்த இரண்டு கூட்டமும் எலும்பும் தோலுமாகத்தான் வந்தது. படையிலிருந்து வந்தவனுக்கு மாலை. சயாமிலிருந்து வந்தவனைச் சுற்றிக் கேள்விகள். 'எங்க வீட்டு ஆளப் பாத்தியா, எங்க விட்டுட்டு வந்த' என்று லயத்துக்கு லயம் பெண்கள் கேட்பார்கள். கேட்பவர்களில் பாட்டியும் இருந்திருப்பாள்.

ஜப்பான்காரன் காலத்தில் ரப்பர் ஏற்றுமதி நின்றது, தோட்டங்களில் வேலையும் நின்றது. ஒரு நாளைக்கு ஒரு வெள்ளி சம்பளம், மூன்று மாத வேலை, அரிசி உண்டு என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். முதலில் போனவர்கள் மூன்று மாதத்தில் வரவில்லை என்றதும் ஆசை காட்டுவது போய் ஆள் பிடிப்பது வந்தது. இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று கூட்டி, கதவைச் சாத்தி லாரியில் ஏற்றிய கதைகள் மலாயா முழுக்க உண்டு. சரக்கு வண்டிகளில் அடைத்து பான்போங் வரை. அங்கிருந்து காட்டுக்குள் நடை, மழையில். 415 கிலோமீட்டர் ரயில் பாதையை 1942 நடுவில் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்துவிட்டார்கள். மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000 பேருக்கு மேல். பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழர்கள்.

அருங்காட்சியகத்தை விட்டு வந்து, ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஒட்ட வெட்டிய புல். வரிசை வரிசையாக 6,982 பேர். கல்லறைக்குக் கல்லறை ஒரு வெண்கலத் தகடு: பெயர், படைப்பிரிவு, இறந்த நாள், வயது. பெயர் தெரியாதவர்களுக்கும் ஒரு கல் உண்டு. வாசல் கட்டடத்தில் பிரிட்டிஷ் இந்தியப் படையைச் சேர்ந்த 11 பேரின் பெயர்களும் இருக்கின்றன. வேறு இடங்களில் முஸ்லிம் மையவாடிகளில் அடக்கமானவர்கள். சிப்பாயாகச் செத்தால் எங்கே புதைத்தாலும் கணக்கில் வரும் என்பது தெரிந்தது. இந்தப் பாதையில் செத்த நேச நாட்டுக் கைதிகள் 12,000 பேருக்கு மேல். ஆசியக் கூலிகளின் சாவு 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். 'வரை இருக்கலாம்' என்பதில் எத்தனை ஆயிரம் பேர் அடங்கிவிடுகிறார்கள் பாருங்கள்.

கல்லறைத் தோட்டத்துக்குப் பக்கத்திலேயே வாட் தாவோர்ன் என்ற கோயில். வியட்நாமியர் கட்டியது. அங்குள்ள தூபியின் அடியில் கூலிகளின் எலும்புகளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். எத்தனையோ பேருக்கு ஒரே தூபி. தமிழர்கள் அண்மையில் அங்கே ஒரு நடுகல்லும் நாட்டியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் யாரோ சூடம் கொளுத்திவிட்டுப் போயிருந்தார்கள்.

குவாய் ஆற்றுப் பாலத்தைப் பற்றி எழுதாவிட்டால் ஆசிரியர் கோபித்துக்கொள்வார். ஜாவாவிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த இரும்பு வளைவுகள். குண்டு விழுந்த இடத்தில் போருக்குப் பின் பொருத்திய நேர்ச்சட்டங்கள். அவற்றுக்கு நடுவே செல்ஃபி எடுக்கும் கூட்டம். உலகத்துக்கு இதைத் தெரிய வைத்த ஆங்கிலப் படத்தை எடுத்தது இலங்கையில், கித்துல்கலையில். பாலத்துக்கு அருகே ஜப்பான்காரர்களே 1944இல் எழுப்பிய நினைவுத்தூண் ஒன்றும் நிற்கிறது. செத்தவர்களுக்கு அஞ்சலியாக அதில் பல மொழிகளில் பொறித்திருக்கிறார்கள், தமிழிலும். பிடித்துக்கொண்டு போனவன் வைத்த கல்லில் நம் எழுத்தைப் பார்த்தபோது எனக்கு நெகிழ்ச்சி வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது.

இரவு விடுதிக்கு வந்து, அந்தக் கரண்டி ஓவியத்தின் படத்தை ஈப்போவில் இருக்கும் அத்தைக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். ஐந்து நிமிஷத்தில் கூப்பிட்டார்.

"குண்டு இல்லன்னு எனக்கு எப்பவோ தெரியும்டா. அந்தக் காலுக்கு எண்ண தேச்சுவிட்டது நான்தானே. ஒரு நாளு கள்ளுக்கடைக்குப் போயிட்டு வந்து படுத்திருந்தாரு. தேச்சுக்கிட்டிருக்கேன், அவராவே சொல்றாரு, கொங்கோய்த்தாவுல விட்டுட்டு வந்துட்டேன்னு. அவ்வளவுதான்."

"செத்த பிறகு விட்டாராமா?"

"செத்தா, உயிரோடயான்னு கேக்க எனக்குத் தைரியம் வரலடா."

கொங்கோய்த்தா. தெற்கிலிருந்து வந்த தண்டவாளமும் பர்மாப் பக்கமிருந்து வந்ததும் 1943 அக்டோபர் 17இல் சேர்ந்த இடம் அது. அதற்குச் சில மாதங்கள் முன்னால், மழைக்காலத்தில், அங்கிருந்த கூலி முகாமில் காலரா. வெள்ளைக்காரக் கைதிகள் கூட்டமொன்று அந்த வழியாக நடந்தபோது அங்கே தொற்றிக்கொண்ட நோயை மேல் முகாம்களுக்கும் கொண்டுபோனது. நடக்க முடிந்தவனை அடுத்த முகாமுக்கு ஓட்டுவார்கள், முடியாதவன் கொட்டகையில் கிடப்பான். கூட்டாளியின் பக்கத்தில் உட்கார்ந்திருக்க எவனுக்கும் உத்தரவு கிடையாது. தாத்தா செய்தது துரோகம் என்று என்னால் சொல்ல முடியாது. ஆனால் திரும்பி வந்து வாயை மூடிக்கொண்டதை மன்னிக்கவும் முடியவில்லை.

ஏனென்றால் அந்த வாய் மூடலில்தான் எங்கள் குடும்பம் ஓடியிருக்கிறது. பாட்டி கழுத்தில் தாலி கிடையாது. நெற்றியில் மட்டும் குங்குமம் இருக்கும். ஜப்பான்காரன் காலத்தில் அரிசிக்கு விற்றது என்று எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். சரி, பிறகு ஏன் வாங்கவில்லை? முதல் தாலிக்கு ஒரு முடிவு தெரியாமல் இரண்டாவதை எப்படிக் கட்டிக்கொள்வது? தாத்தா ஒரு நாளைச் சொல்லியிருந்தால், அது பொய் நாளாகவே இருந்திருந்தாலும், அவள் அழுது தீர்த்துவிட்டு வேறு வாழ்க்கைக்கு வந்திருப்பாள்.

பெரியப்பாவோ, தன்னைப் பெற்றவருக்குத் திதி கொடுக்க ஒரு நாள் இல்லாமலே எழுபது வயது வரை வாழ்ந்துவிட்டுப் போனார். சயாமுக்கு ஆள் எடுத்த பேர்ப் பட்டியலில் தன் அப்பா பெயரைச் சேர்த்ததே தாத்தாதான் என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்ததாம். தாத்தா செத்தபோது மூத்தவர் அவர், கொள்ளிக்குடம் எடுக்கவில்லை. என் அப்பாதான் எடுத்தார். நிலத் தகராறு என்று எங்களிடம் சொன்னார்கள். அப்போது எங்களுக்கு ஏது நிலம்? தோட்டத்து லயத்தில் குடியிருந்தவர்கள்.

மறுநாள் காலையில் வரைபடத்தைப் பார்த்துவிட்டு அத்தையை அழைத்தேன். கொங்கோய்த்தா இப்போது இல்லை. 1984இல் கட்டி முடித்த அணையின் நீர்த்தேக்கத்துக்கு அடியில் போய்விட்டது, சங்க்லாபுரி வரை போனால் ஏரியைத்தான் பார்க்க முடியும் என்றேன்.

"தண்ணியா? நல்லதாப் போச்சு. தர்ப்பணம் தண்ணியிலதானே. நாள் தெரியாதவங்களுக்கு அமாவாச போதும், ஐயருகிட்ட கேட்டுட்டேன். பெரியப்பா மவன வரச்சொல்லு."

பெரியப்பா மகன் வரமாட்டான். அவன் சர்ச்சுக்குப் போய் இருபது வருஷம் ஆகிறது. அப்பாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வந்து கொடுக்கறேன். ஆனா ரெண்டு பேரு பேரையும் சேத்துத்தான் சொல்லுவேன்" என்றார்.

அத்தைக்கு அது பொறுக்கவில்லை. "அந்த மனுசன் பேரு பக்கத்துல எங்கப்பா பேரா? அண்ணன் இருந்தா விடுவாரா?" என்று போனை வைத்துவிட்டார். அண்ணன் என்று அவர் சொன்னது பெரியப்பாவை.

சங்க்லாபுரி வேனுக்குச் சீட்டு எடுத்திருக்கிறேன். அமாவாசைக்கு இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் இவர்கள் சமாதானமாவார்கள் என்று தோன்றவில்லை.

(தொடரும்)